மஞ்சள் கடுதாசியும் நம்ம தெருவும்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. கடனைப் பத்திப் பேசறேன்னு சொன்னதும் கூட்டம் ஏற்பாடு செஞ்ச தோழருக்கு முகம் கொஞ்சம் சுருங்கிப்போச்சு. பரவாயில்ல. கவிதை அடுத்த மாசமும் இருக்கும்.

நான் வங்கியில் கிளார்க். கடன் பாக்கிக்கு நோட்டீஸ் அடிச்சு, கவர்ல போட்டு, முகவரி எழுதி அனுப்புறது என் வேலைகள்ல ஒண்ணு. அப்படி ஒரு நாள் எழுதின முகவரி எங்க பெரியப்பா வீட்டு முகவரி. எழுதி முடிச்சு, பசை தடவி, ஒட்டியும் அனுப்பிட்டேன். அதைச் சொல்லாம இந்தப் பேச்சை ஆரம்பிக்க முடியாது.

பெரியப்பா மகன், எங்க அண்ணன், சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தார். பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், சீரியல் லைட்டு. ஊர்த்தெரு கல்யாணத்துக்கும் அவர்தான், சேரியில் சாவுக்கும் அவர்தான். 2018ல் எங்க கிளையிலேயே கடன் வாங்கிப் புது செட் எடுத்தார். மறு வருஷம் தெருமுனையில் அம்பேத்கர் படம் வைக்கிறதில் தகராறு; அண்ணன் முன்னால நின்னார். அதோட ஊர்த்தெரு ஆர்டர் நின்னுது. யாரும் வராதேன்னு சொல்லல. கூப்பிடல, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மிச்சத்தையும் முடிச்சுட்டுது. அப்புறம் கடனை அடைக்கக் கடன். அண்ணி பேர்ல குழுக் கடன், தண்டல், கந்துவட்டி. வெத்துத் தாள்லயும் வெத்து செக்குலயும் கையெழுத்து.

2017 அக்டோபர் 23ஆம் தேதி நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, ரெண்டு குழந்தைகளோட தீயில் கருகிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்தாச்சு. சட்டம் இருக்கும்போதே நடந்தது அது. ஒரு ராத்திரி அண்ணன் அந்தக் குடும்பத்தைப் பத்தி ரொம்ப நேரம் பேசினார். மறுநாள் காலையில் லீவு போட்டுட்டு நான் வக்கீல் தோழரைப் பார்க்கப் போனேன்.

அவர் சொன்னதுதான் நொடிப்பு மனு. கோர்ட்டில் ஐ.பி. என்பாங்க. ஊரில் இதுக்கு மஞ்சள் கடுதாசின்னு பேர். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுற சனம் இதுக்கும் மஞ்சள்னே பேர் வச்சிருக்கு! பேரைக் கேட்டதும் அண்ணன் எழுந்து வெளியே போயிட்டார். "மானம் போயிடும்டா தம்பி."

மானம் என்கிற இந்தச் சொல்லாடலைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும் தோழர்களே. கடைவீதி முதலாளி மஞ்சள் கடுதாசி கொடுத்தா, 'விவரமான ஆளு, சொத்தைப் பத்திரம் பண்ணிட்டான்' என்பாங்க. நம்மாளு கொடுத்தா, 'அவனுங்களுக்குக் கடன் கொடுத்தா இப்படித்தான்' என்பாங்க. ஒருத்தன் நொடிச்சா வியாபார தந்திரம், இன்னொருத்தன் நொடிச்சா சாதிக் குணம். சட்டம் ஒண்ணுதான்.

என்ன சட்டம்? சென்னைக்கு 1909ஆம் வருஷச் சட்டம், மாவட்டங்களுக்கு 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. 500 ரூபாய் கடன் இருந்து, அடைக்க வழியில்லைன்னா கடன்காரனே மனுப் போடலாம். அன்னைக்கு 500 ரூபாய் பெரிய தொகை. இன்னைக்கு நம்ம தெருவில் அந்த வரம்புக்கு வெளியே யார் இருக்கா?

வக்கீலோட ரூம் சார்பு நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். அவர் முதலில் சட்டம் பேசல. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "யாருக்கு எவ்வளவு, எப்ப வாங்கினது, விலாசம், எல்லாம் எழுதிட்டு வாங்க. கைமாத்துகூட விடக்கூடாது" என்றார். அண்ணனுக்கு மூணு வாரம் ஆச்சு. மளிகைக்கடை ஆயாவுக்குத் தரவேண்டிய 1200 ரூபாயை எழுத மாட்டேன்னுட்டார். "அதை எப்படியும் கொடுத்துடுவேன் சார், அதைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது." வக்கீல் விடல. ஒரு பேரை மறைச்சாலும் மனு மொத்தமும் பொய்யா நிக்கும் என்றார்.

அடுத்து, மூணு சென்ட் வீட்டை அண்ணி பேருக்கு எழுதிடலாமான்னு கேட்டார். நம்ம ஊரில் எல்லாரும் சொல்லித் தர்ற யோசனை இது. வக்கீல் கோபப்பட்டார். நொடிப்பு மனுவுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள் காசு வாங்காம எழுதிக் கொடுத்தது செல்லாது, கோர்ட் ரத்து செய்யும். மோசடின்னு கண்டா ஜெயில். ஆனா சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவில் ஒரு பிடி இருக்கு. கூலித் தொழிலாளி தான் குடியிருக்கிற வீட்டை ஜப்தி செய்ய முடியாது. சமையல் பாத்திரம், துணிமணி, கைத்தொழில் கருவி, தாலி இதெல்லாமும் அப்படியே. செட்டை வங்கி தூக்கிட்டுப் போனபிறகு அண்ணன் இன்னொருத்தர் கடையில் தினக்கூலிக்கு ஒயர் இழுக்கிறார். இப்ப அவர் கூலியா, முன்னாள் முதலாளியா? எங்க வழக்கு அந்தக் கேள்வியில்தான் நிக்குது.

இந்தச் சட்டத்தை நான் விடுதலைப் பத்திரமா காட்டல. இதில் ஓட்டை நிறைய. அரசுக்குத் தரவேண்டிய கடன் இதில் கழியாது. அடமானம் வச்ச நகையை அடமானக்காரன் விற்கலாம். செக் கேஸ் கிரிமினல், அதை இந்த மனு நிறுத்தாது. எல்லாத்தையும்விட ஜாமீன். கடன்காரன் விடுபட்டாலும் ஜாமீன் போட்டவர் விடுபட மாட்டார். வங்கிக் கடனுக்கு ஜாமீன் எங்க அத்தை மகன், பள்ளிக்கூட வாத்தியார். நம்ம சனத்தில் ஒருத்தன் சம்பளக்காரன் ஆனா பத்துப் பேருக்கு ஜாமீன்தாரர் ஆயிடறான். இது உங்களுக்குத் தெரியும். டிகிரி ஆனா அவர் சம்பளத்தில் 1000 ரூபாயும் மிச்சத்தில் மூணில் ரெண்டு பங்கும் போக மீதியைப் பிடிக்கலாம். அவர் இப்ப அண்ணனோட பேசறதில்ல. அவர் கோபத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. விடுவிப்பு வாங்காத நொடித்தவர் உள்ளாட்சித் தேர்தலில் நிக்க முடியாது. தனித்தொகுதி ஊராட்சியில் நிக்கப்போற தோழர்கள் இதைக் குறிச்சுக்கங்க. அந்தத் தடை நீங்கணும்னா, நொடிச்சது தன் முறைகேட்டால் இல்ல, துரதிர்ஷ்டத்தால்தான் என்று கோர்ட் சான்று தரணும். ஆர்டர் கொடுக்காம ஊரே ஒதுக்கினதுக்குத் துரதிர்ஷ்டம்னு பேர் வைக்கணுமாம். வக்கீல் சிரிச்சார். "கவிதையில் வேற பேர் வச்சுக்கங்க, மனுவில் இதை எழுதுவோம்" என்றார்.

2016ல் புது நொடிப்புச் சட்டம் வந்துது. அதில் ஏழைகளுக்குன்னு ஒரு பகுதி உண்டு: வருஷ வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 இதுக்கு மேல் போகாம, சொந்த வீடும் இல்லாதவர் கடனைத் துடைச்சுட்டுப் புதுசா தொடங்கலாம். படிக்க நல்லாயிருக்கும். அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரல. 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும் அமல். கம்பெனிகளுக்கு வழி திறந்தாச்சு, நமக்கு 1920தான்.

செங்கல் சூளை, அரிசி ஆலை முன்பணத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. அதை இந்தப் பட்டியலில் கடன்னு எழுதிடாதீங்க. 1976ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் அழிஞ்சுபோன கடன். இல்லாத கடனை நம்ம கையாலேயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்கு வழி வேற, அதிகாரி வேற.

வக்கீலுக்குக் காசில்லைன்னு யாரும் ஒதுங்க வேண்டாம். 1987ஆம் வருஷச் சட்ட உதவிச் சட்டம் 12ஆவது பிரிவில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. வட்டச் சட்டப் பணிக் குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கு. மனுப் போட்டு ஆணை வாங்கினதோட வீட்டுக்குப் போயிடாதீங்க. கோர்ட் சொல்ற கெடுவுக்குள்ள விடுவிப்புக் கேட்டு இன்னொரு மனு போடணும். போடலைன்னா ஆணையே ரத்தாகலாம். அப்புறம் எல்லாரும் மறுபடி வாசலுக்கு வருவாங்க.

அண்ணன் மனு போட்டாச்சு. கடன் கொடுத்தவங்க பட்டியலில் 3ஆவது பேர் எங்க கிளை. எதிர்வாதத்துக்குக் கணக்குத் தாள் வேணும்னு மேனேஜர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். வட்டி மேல வட்டி ஏறியிருந்த ரெண்டு இடத்தைப் பென்சிலால் சுழிச்சுத்தான் கொடுத்தேன். அவர் பார்த்தார். ஒண்ணும் கேட்கல.

வக்கீல் தோழர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில் இங்கேயே இருப்பார். வர்றவங்க ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. மளிகைக்கடை பாக்கியையும் சேர்த்து.