மேசியோ பார்க்கர்: 47 வயதில் சொந்தப் பெயர்

(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியது)

நான் இசை படித்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கை நேர் செய்வது நாங்கள், கையெழுத்து மேனேஜருடையது. அதனாலோ என்னவோ, முன்னால் நிற்பவரைவிடப் பக்கத்தில் நிற்பவர் மீதுதான் என் கண் போகும்.

மேசியோ பார்க்கர் 1943-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கின்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். சாக்ஸபோன் கலைஞர். 1964-ல் புகழ்பெற்ற பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவுக்கு உண்மையில் கேட்டது இவரை அல்ல, டிரம்ஸ் வாசித்த தம்பி மெல்வினை. தம்பியோடு அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் குழுவில்தான் ஃபங்க் இசை உருவானது. நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணில் அழுத்தம். நம் தாளத்தில் சமம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசியோ நீளமாக இழைக்க மாட்டார். துண்டு துண்டாக, மத்தளம் தட்டுவதுபோல ஊதுவார். பாட்டின் நடுவே பிரவுன் "மேசியோ!" என்று கூப்பிடுவார், இவர் ஊதத் தொடங்குவார். அப்படித்தான் உலகம் இந்தப் பெயரைக் கேட்டது.

1970-ல் சக கலைஞர்களோடு வெளியேறித் தனிக் குழு தொடங்கினார். இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1973-ல் பிரவுனிடமே திரும்பினார். பிறகு ஜார்ஜ் கிளின்டன் குழுவிலும் வாசித்தார்.

1990-ல் பழைய நண்பர்கள் ஃபிரெட் வெஸ்லி, பீ வீ எல்லிஸ் ஆகியோருடன் 'ரூட்ஸ் ரிவிசிட்டட்' என்ற ஜாஸ் ஆல்பத்தைத் தன் பெயரில் வெளியிட்டார். அது அமெரிக்க ஜாஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 47. முதல் முயற்சி தோற்று இருபது வருடம் ஆகியிருந்தது.

எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் நடந்தது. சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், அறுபதை ஒட்டிய வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பிரின்ஸின் குழுவிலும் போய் வாசித்தார். பக்கத்தில் நிற்பதைத் தாழ்வாக நினைத்தவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

ஜெர்மனியின் கொலோனில் மேடையில் பதிவான 'லைஃப் ஆன் பிளானட் குரூவ்' ஆல்பத்தை யூடியூபில் தேடிக் கேளுங்கள். முதல் பாட்டே 16 நிமிடத்துக்கு மேல். கால் தானாகத் தாளம் போடும். கீழ்வீட்டுக்காரர்களை நினைத்து மெதுவாகப் போடுங்கள்.