கொல்லைப்புறத்துப் போகி நெருப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இலக்கிய உரை கேட்கும் ஆவலுடன் அமர்ந்திருக்கும் உங்கள் முன், குப்பை கொளுத்துவதைப் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள வேண்டுகிறோம். போகி நெருங்கிவிட்டது. சொல்ல வேண்டியதை இப்பொழுதே சொல்லிவிடுதல் நலம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் போகி இரட்டை விழாவாகும். நம் முன்னோர் வைகறையில் எழுந்து, பழம்பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் வாசலில் எரித்தனர். சிறுவர் மேளம் கொட்டினர். அண்டை வீட்டுத் தெலுங்கு மக்கள் இதனையே ‘போகி மண்டலு’ என்பர். பசுஞ்சாணத்தைச் சிறு வட்டங்களாகத் தட்டி, துளையிட்டு உலர்த்தி, மாலையாகக் கோத்துப் பிள்ளைகளின் கையால் நெருப்பில் இடச் செய்வர். பின்னர்ப் பிள்ளைகளின் தலையில் இலந்தைப்பழம் சொரிவர். எம் வீட்டுப் பிள்ளைகள் மேளமும் கொட்டினர், வரட்டி மாலையும் இட்டனர். எவ்வழக்கம் எவருடையது என்று அவர்களுக்கு இன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் கொல்லைப்புறத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் கூறுகிறோம். பனியில் நனைந்த விறகு பற்ற மறுத்தது. புகைந்து புகைந்து அணைந்தது. “சிறிது பெட்ரோல் தெளித்தால் போதும்” என்றவர் யாமே. தெளித்தவன் எம் பேரன். அணைந்துவிட்டதென்று எண்ணிய குவியலின் அடியில் கங்கு உயிரோடிருந்தது. ஒரு நொடியில் தீ அவன் கையிலிருந்த புட்டியை நோக்கி ஓடி வந்தது. புருவம் பொசுங்கிற்று; வலக்கை முழங்கை வரை வெந்தது. பதற்றத்தில் வீட்டார் பற்பசையைப் பூசினர். மருத்துவர் அதனை வழித்தெடுத்தபோது அவன் அலறியது எம் செவியை விட்டு இன்னும் அகலவில்லை. ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் கையைக் காட்டியிருந்தாலே வேதனை பெரிதும் தணிந்திருக்கும் என்றார் அவர். பனிக்கட்டியும் கூடாது, வெண்ணெயும் கூடாது, மையும் கூடாது. தண்ணீர் ஒன்றே மருந்து.

பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. அது மேலே போய்விடாமல் தரையோடு தவழ்ந்து பரவும். பொறி பட்டால் பரவிய இடமெல்லாம் ஒருங்கே எரியும். மண்ணெண்ணெயும் சூடான கங்கின்மேல் விழுந்தால் அவ்வாறே ஆவியாகிப் பற்றும். நம் பாட்டிமார் எண்ணெய் எதனையும் நாடவில்லை. காய்ந்த வைக்கோலையும் தென்னம்பாளையையும் நடுவில் வைத்து, சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து, அதன்மேல் வரட்டி அடுக்கி, காற்று வரும் பக்கத்தில் ஒரு வாய் விட்டு, அங்கே நெருப்பிட்டனர். விறகை முதல் நாள் இரவு வீட்டுக்குள் வைத்தனர். முழு இரகசியமும் அவ்வளவே!

இடம் பற்றிய சிக்கல்தான் பெரிது. மூன்றடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட சிறு நெருப்பேயானாலும் கட்டடத்தினின்று 25 அடி விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க நாட்டில் பின்பற்றப்படும் விதி. நம் காலனியில் எத்தனை கொல்லைகள் 25 அடி உள்ளன? மதிற்சுவர், துணிக்கொடி, எரிவாயு உருளை, மேலே மின்கம்பி, பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகை ஆகியவற்றுக்கிடையே எரிப்பதை யாம் ஒப்பவில்லை. இடம் இருப்பவரும் சிமெண்டுத் தளத்தின்மேல் நேரே மூட்டலாகாது. தளத்தினுள் உள்ள ஈரம் சூட்டால் ஆவியாகி, சில்லுகளைத் தெறிக்கச் செய்யும். நான்கு விரற்கடை மண் பரப்பிக்கொள்க.

குவியலை முதல் நாளே அடுக்கி வைத்தால் பூனை குட்டியுடன் குடிபுகும்; தேளும் புகும். நவம்பர் 5-ஆம் நாள் தோட்டத்தில் நெருப்பு வளர்க்கும் ஆங்கிலேயர், உள்ளே முள்ளெலி உறங்குகிறதா என்று பார்த்த பிறகே மூட்டுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். நாமும் காலையில் குவியலைப் பிரித்து மீண்டும் அடுக்கினால் என்ன குறைந்துவிடும்?

எரிக்கும் பொருளிலும் மாற்றம் வந்துவிட்டது. அன்றைய பாய் கோரை. இன்றைய பாய் பிளாஸ்டிக். பி.வி.சி. எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வரும். டயரின் கரும்புகையோ சொல்லி முடியாது. மார்கழிக் குளிரில் புகை மேலெழாமல் தாழ்ந்தே நிற்கும். 2018 ஜனவரி 13-ஆம் நாள் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தே தடுமாறியது. விமானத்தை மறித்த புகை, ஆஸ்துமா உள்ள தாத்தாவை என் செய்யும்?

திருப்பதியில் மலையடிவாரத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 2014 மார்ச்சில் சேஷாசலக் காட்டில் பற்றிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீர் சுமந்து வர நேர்ந்தது. போகி சனவரியில் வருவது நம் நற்பேறு. ஆயினும் உலர்ந்த புல் பொறியைக் கண்டால் மாதம் பார்ப்பதில்லை.

ஆகவே, காலனி மைதானத்தில் ஒரே நெருப்பு மூட்டுவோம் என்று சங்கத்தின் முன் வைக்கிறோம். “எம் வாசலில் எரிந்தால்தான் எம் போகி” என்று சில முதியோர் கூறுவதை அறிவோம். அவ்வுணர்வை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டுத் துடைப்பத்தையும் வரட்டி மாலையையும் கொண்டுவந்து தம் கையால் இடட்டும். தாய்மார்கள் முந்தானையைச் செருகிக்கொள்க. பிள்ளைகளுக்குப் பருத்தி ஆடையே அணிவிக்க, நைலான் உருகித் தோலில் ஒட்டும். நான்கு வாளி நீரும் ஒரு கூடை மணலும் அருகிலிருக்கட்டும். முடிந்தபின் நீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் ஊற்ற வேண்டும். மேலே வெளுத்த சாம்பலின் கீழ்க் கங்கு பல மணி நேரம் விழித்திருக்கும். கைமீறினால் அழைக்க வேண்டிய தீயணைப்பு எண் 101.

வாளிப் பொறுப்பை அப்பேரனே கேட்டு வாங்கிக்கொண்டான். மேளத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டான்.