குற்றவாளிக் கூண்டில் ஒரு சொல்



“ஒப்புக்கொண்டால் வழக்கு இன்றே முடியும், நாளைக் காலைப் பிரட்டுக்குப் போய்விடலாம்” என எண்ணி, குற்றச்சாட்டு விளங்காமலே தலையசைப்போர் உண்டு. அது பெருந்தீங்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆவது பிரிவின்படி, தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம்.

கைதாகும் குடிமகனிடம் அதன் காரணத்தைக் கூற வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்கு மேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். இவை கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5ஆவது விதி அளிக்கும் உரிமைகள்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்படும். மொழி விளங்காவிடில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனப் பணிவுடன் கேளுங்கள். மீண்டும் விளக்கச் சொல்வது அவமதிப்பாகாது. ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் நீங்கள் உணர்ந்துள்ளீர்களா என உறுதி செய்வது நீதிமன்றத்தின் கடமை. ஆதலின், விளங்காதவரை ‘ஆம்’ என்னாதீர்கள்.

குற்றத்தை மறுத்தால் விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். ஜாமீன் கேட்கலாம். ஜாமீனில் வெளிவந்தவர் குறித்த நாளில் தவறாது வருதல் வேண்டும். வராதவர்மீது பிடியாணை பிறக்கும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என வருந்த வேண்டா. 2012இல் பணி தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம், கைது, தடுப்புக் காவல், ஜாமீன் ஆகிய நிலைகளில் குடிமக்களுக்கு இலவசமாக உதவுகிறது. தீர்ப்பில் குறையிருப்பின், 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்தல் வேண்டும்.

அவசரத்தில் சொல்லும் ஒரு சொல் உங்கள் பெயரையும் பிழைப்பையும் கெடுக்கும். கேட்டறிந்து, தெளிந்து, பின்னர் பேசுங்கள்.