பத்தியமும் பட்டமும்



திருவனந்தபுரத்தில் வலியசாலை என்று ஒரு பகுதி உண்டு. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த அதன் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வெளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசுகின்ற வாழ்க்கை அது. பம்பாயிலோ, தில்லியிலோ, கல்கத்தாவிலோ வாழும் உங்களுக்கும் இவ்வாழ்க்கை புதியதன்று. இத்தகைய வீடுகளின் அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தால் கீழ்த்தட்டில் சுக்கு, ஓமம், திப்பிலி, அதிமதுரம் ஆகியவை இருக்கும். மேல்தட்டில் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் ஒருவரே உட்கொள்ளுகிறார். உடம்பினுள் அவை ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று அளந்து சொல்லக்கூடியவர் யார்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வியை நம்மிடம் எழுப்பியவள் வலியசாலையைச் சேர்ந்த ஒரு பெண். உணவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். "நோயாளிக்குரிய உணவியலையும் மூலிகை மருத்துவத்தையும் இணைத்து மேற்படிப்பாகப் படிக்க வழி உண்டா?" என்று அவள் கேட்டாள். அருகில் இருந்த பாட்டி சிரித்துவிட்டு, "பத்தியம் இல்லாத மருந்து ஏதடி? இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு பட்டம் வேறா?" என்றாள். பாட்டியின் சிரிப்பிலும் உண்மை இருக்கிறது. பேத்தியின் கேள்வியிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் வரிசையாக ஆராய்வோம்.

முதலில் பாட்டியின் பக்கம். உணவையும் மருந்தையும் நம் முன்னோர் ஒருபோதும் பிரித்து வைத்தாரல்லர். திருக்குறளில் 'மருந்து' என்று பெயர் பெற்ற 95-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி, உண்ணும் அளவையும் பசித்தபின் உண்பதையும் பற்றியதே. சித்த மருத்துவர் போற்றும் 'பதார்த்த குண சிந்தாமணி' என்னும் நூல், நீர், பால், தானியம், கீரை, காய் ஆகியவற்றின் குணங்களையும் மருந்துச் சரக்குகளின் குணங்களையும் ஒரே நூலிற் கூறுகின்றது.

கல்விச்சாலைகளும் நமக்குப் புதியனவல்ல. வலியசாலைக் கோயிலின் பெயரில் இன்றும் நிலவும் காந்தளூர், பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், 95 சட்டர்கள் தங்கிக் கற்கும் சாலை ஒன்றைக் காந்தளூரை மாதிரியாகக் கொண்டு நிறுவியதை 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு கூறுகிறது. இன்னும் வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என அனைவருக்கும் அங்கே ஊதியம் வகுக்கப்பட்டது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. 11-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவமனையும் மருந்தும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஆகவே, இணைந்த கல்வி என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நாம் எண்ண வேண்டுவதில்லை.

அப்படியாயின், பேத்திக்குப் பட்டம் எதற்கு? இனி அவள் பக்கத்தைக் கேட்போம்.

கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் இரும்பன்புளி என்றொரு மரம் உண்டு. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் அதனைச் சேர்ப்பர். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி, அதன் சாற்றைப் பிழிந்து மிகுதியாகக் குடிக்கும் பழக்கம் சிலரிடையே தோன்றியது. கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளில் அவ்வாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த 10 நோயாளிகளைப் பற்றி 2013-இல் மருத்துவ இதழ் ஒன்றில் அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் 7 பேருக்குக் குருதியைச் சுத்திகரிக்கும் டயாலிஸிஸ் செய்ய வேண்டியதாயிற்று. அக்காயில் மிகுந்திருக்கும் ஆக்ஸாலிக் அமிலம் சிறு படிகங்களாகிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்துவிடுகின்றது. குழம்பில் இரண்டு காய் உணவு. வெறும் வயிற்றில் ஒரு குவளைச் சாறு நஞ்சு. பொருள் ஒன்றே, வேறுபட்டது அளவு.

அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வருவோம். அதிமதுரம் தொண்டைக்கு இதமானது. ஆனால் அதனை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால், அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் இதனை அறியாமல் அதிமதுரக் கஷாயம் குடித்தால் மருந்தும் கஷாயமும் எதிரெதிரே இழுக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர் ஒருநாள் கீரையை அறவே நீக்கி, மறுநாள் மிகுதியாக உண்டால், கீரையிலுள்ள 'கே' வைட்டமின் அம்மருந்தின் வேலையை மாற்றும். கீரை தீயது என்பதன்று இதன் பொருள். நாள்தோறும் ஒரே அளவாக உண்ண வேண்டும் என்பதே. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் வெந்தயமும் பாகற்சாறும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கிவிடக் கூடும்.

மிளகைப் பாருங்கள். மஞ்சளோடு மிளகைச் சேர்ப்பது நம் சமையல் வழக்கம். பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரமாகிய பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, குர்குமின் இரத்தத்திற் சேர்வது பன்மடங்கு கூடியதைக் கண்டனர். வழக்கத்திற்குச் சான்று கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் அதே பைப்பரின், வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தவல்லது. ரசத்தில் இடும் மிளகுக்கு அஞ்ச வேண்டா. மிளகுச் சாரத்தை மாத்திரையாக வாங்கி விழுங்குவோர் மருத்துவரைக் கேட்டே விழுங்க வேண்டும்.

ஆதலின், பாட்டி அறிந்தது பொருளின் குணம். பேத்தி கற்க விரும்புவது பொருளின் அளவு, அது வேலை செய்யும் வழி, யாருக்கு ஆகாது என்னும் விலக்கு ஆகியவை. மேற்படிப்பின் பயன் இதுவே.

இவ்வாறு அளந்தறியும் முயற்சிக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் 'பெரிபெரி' நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளையரிசியையே நம்பியிருப்போருக்குத் தயமின் என்னும் 'பி-1' வைட்டமின் குறைவதால் வருவது அந்நோய். நெல்லை அவித்துக் குத்தும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. புழுங்கலரிசியின் சிறப்பு இது. நீலகிரியில் ஓர் அறையில் தொடங்கிய அவ்வாராய்ச்சியே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

மற்றொன்று வலியசாலைக்கு இன்னும் அணித்தானது. 1987-இல் அகத்தியமலைக் காடுகளுக்குச் சென்ற புஷ்பாங்கதன் முதலிய அறிஞர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு சிறு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியே 'ஆரோக்கியப்பச்சை'. 1979-இல் நிறுவப்பட்டுப் பாலோட்டில் இயங்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்து, அதனோடு அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். அதன் உரிமையை 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு வழங்கியபோது, கிடைத்த தொகையிற் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பது என்று முடிவு செய்தனர். காட்டில் உணவாக இருந்தது சோதனைச்சாலையில் மருந்தாயிற்று. அறிவைத் தந்தவருக்கும் பங்கு கிடைத்தது. மூலிகைக் கல்வி பயிலும் மாணவர் வேதியியலோடு இந்நீதியையும் கற்க வேண்டும்.

இனி, வழி என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிவந்த ஒருங்கிணைந்த நல்வாழ்வுப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் ஊட்டவியலும் மூலிகை மருத்துவமும் மேற்படிப்புகளாக ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. அப்பல்கலைக்கழகம் 2024-இல் மற்றொரு பல்கலைக்கழகத்துடன் இணைந்துவிட்டது. நம் நாட்டிலோ இவ்விரண்டுக்கும் வாயில்கள் வேறு வேறு.

முதல் வாயில் உணவியல். இளநிலைப் பட்டத்தின்பின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, மருத்துவமனையில் பயிற்சி. 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி வளர்ந்த கோவை அவினாசிலிங்கம் இத்துறையில் பெயர் பெற்றது. 1963-இல் அமைந்த இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியோர் பதிவுபெற்ற உணவியலாளர் ஆவர். 2021-இல் நிறைவேறிய துணைநிலை மருத்துவத் தொழிலாளர் சட்டம் ஊட்டவியலாளரையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது.

இரண்டாவது வாயில் சித்தமும் ஆயுர்வேதமும். இங்கே இளநிலைப் படிப்பே பயிற்சிக் காலத்துடன் ஐந்தரை ஆண்டுகள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயின்று 'நீட்' தேர்வு எழுத வேண்டும். அதன்பின் மூன்றாண்டு முதுநிலை: சித்தத்தில் மருந்துப் பொருள்களை ஆராயும் 'குணபாடம்', ஆயுர்வேதத்தில் 'திரவியகுணம்'. 1964-இல் தோன்றிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் திறக்கப்பெற்ற தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தமிழ்நாட்டில் உள்ளன. திருவனந்தபுரத்திலேயே, 1889-இல் பாடசாலையாகத் தோன்றிய ஆயுர்வேதக் கல்லூரியும், நகருக்கு அப்பால் போத்தன்கோட்டில் ஒரு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

மூன்றாவது வாயில் மருந்தாக்கவியலும் தாவரவியலும். நோயாளியைப் பார்க்காமல், மூலிகையின் சத்தையும் கலப்படத்தையும் ஆராய விரும்புவோருக்கு இது பொருந்தும்.

ஒரு வாயிலிற் சென்றவர் மற்றொன்றின் அதிகாரத்தைக் கையிலெடுத்துக்கொள்ளலாகாது. உணவியற் பட்டம் பெற்றவர் சித்த மருத்துவராகப் பதிவு பெற முடியாது. சில வாரப் பயிற்சிக்குத் தரும் சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் நோய்க்கு மருந்து கொடுக்கும் உரிமையைத் தராது. பணம் கட்டுமுன், அப்படிப்பை ஏற்ற பல்கலைக்கழகம் எது, ஒழுங்குபடுத்தும் ஆணையம் எது என்று கேட்டறிவது பெற்றோரின் கடமை.

வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் மற்றொரு பொறுப்பும் உண்டு. சித்த மருத்துவத்தின் மூல நூல்கள் தமிழ்ச் செய்யுளில் உள்ளவை. தமிழைப் பேசுவதோடு நிறுத்தி, எழுத்தைக் கற்பிக்காமல் விட்டோமானால், நம் பிள்ளைகளுக்கு இந்நூல்கள் மூடிய பெட்டிகளாகிவிடும். எந்த மாநிலத்தில் எந்தப் படிப்பைப் படித்தாலும், தமிழ் படிக்கத் தெரிந்த உணவியலாளர் ஒருவர் சித்த மருத்துவருடன் அமர்ந்து ஒரு நோயாளியின் பத்தியத்தை ஆராய முடியும். இணைந்த கல்விக்கு இன்று நம் கைக்கெட்டும் வழி இத்தகைய கூட்டுறவே.

நம்மிடம் கேட்ட பெண், மேலும் எட்டரை ஆண்டுகள் படிக்கத் தன் குடும்பத்துக்கு வசதியில்லை என்பதை மறைக்காமற் சொன்னாள். உணவியல் முதுநிலைக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். அதற்கிடையே ஒரு வேலையைத் தொடங்கிவிட்டாள். பாட்டி சொல்லும் பத்தியங்களையும் கஷாயங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாள். பாட்டி 'ஒரு பிடி' என்பாள். பேத்தி அந்தப் பிடியைத் தராசிலிட்டு, இத்தனை கிராம் என்று குறித்துக்கொள்வாள். எந்த நோயாளிக்கு, எந்த மாத்திரையுடன் அது ஆகாது என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். அவ்விடத்தைப் படித்த பின்பே நிரப்புவாளாம்.

உங்கள் வீட்டிலும் பாட்டிமார் இருப்பர். நோட்டுப் புத்தகம் எழுதத்தக்க பிள்ளைகளும் இருப்பர். இந்த வாரமே அவர்களை ஒருங்கே அமரச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இப்பேச்சை முடிக்கிறோம்.