கரைத் தூண்டிலுக்குக் கோலும் நூலும்

தூண்டிற்கோல் வாங்க விரும்புபவர் முதலிற் செல்ல வேண்டிய இடம் கடையன்று. தாம் நின்று எறியப் போகும் கரையே. இதற்குக் கொழும்புத்துறை தக்க சான்றாகும். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்குப் புறத்தே, பரவைக்கடலை நோக்கி அமைந்தது இவ்வூர். எதிர்க்கரை பூநகரி. முற்காலத்தில் அக்கரைக்குச் செல்லும் தோணிகள் இத்துறையிலிருந்தே புறப்பட்டன. இங்குள்ள நீர் ஆழமற்றது. கரையோரத்தில் முழங்காலளவும் இடுப்பளவுமே பெரும்பான்மை. ஒருவர் பன்னிரண்டடிக் கோலைச் சுழற்றி நூறு யார் தூரம் ஈயக்குண்டை எறிந்தாலும், அது விழுமிடத்தின் ஆழம் அவர் காலடியின் ஆழத்தைவிட அதிகம் வேறுபடாது. அத்துணை முயற்சியும் வீணே. குண்டு விழும் ஓசையால் அருகில் மேயும் மீன்கள் கலைந்து போதலே கண்ட பயன்.

நெடுங்கோல் ஏன் தோன்றிற்று? உடைந்து வரும் பேரலைகளுக்கு அப்பால் இரையைச் செலுத்துவதற்கும், நூலை அலையின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பதற்குமே. அலை இல்லாத இடத்தில் அக்கோல் தோளுக்குச் சுமை. வெளிநாட்டு உறவினர் அன்புடன் கொணர்ந்து கொடுத்தது என்பதற்காகக் கடல் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

பரவைக்கடலுக்கு ஆறடி அல்லது ஏழடிக் கோல், சிறிய றீல், கால் மில்லிமீற்றர் பருமனுள்ள நூல், அரை அவுன்சு ஈயம் ஆகியன போதும். பலகைத் துண்டிலோ போத்தலிலோ சுற்றிய கைத்தூண்டிலும் இங்கே குறைந்ததன்று. மீனின் சிறு கொத்தலையும் விரல் நேரே அறியும். சாதாளைகளிடையே மேயும் ஓராவின் வாய் சிறியது; அதற்குச் சிறு தூண்டில்முள்ளே வேண்டும். பெருமுள்ளில் இரையை மாத்திரம் கொறித்துவிட்டு அது போய்விடும். ஓராவைக் கையாள்வதில் விழிப்பும் வேண்டும். அதன் செட்டை முட்களில் நஞ்சுண்டு. குத்தினால், பொறுக்கத்தக்க சூடுள்ள நீரிற் கையை அமிழ்த்தி வைத்தல் வலியைத் தணிக்கும். கொடுவாயைக் கருதுவோர் முள்ளுக்கு மேலே ஓரிரு முழம் தடித்த நூல் கட்டுதல் நன்று. அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது. சீலாவின் பற்களுக்கோ கம்பியே ஈடுகொடுக்கும்.

வடமராட்சியின் கிழக்குக் கரை முற்றிலும் வேறு. மணற்காடு, தாளையடி முதலிய இடங்களில் வங்காள விரிகுடா மறைப்பின்றி வந்து மோதுகின்றது. வாடை வீசும் மாதங்களில் அங்கே மெல்லிய கோல் நில்லாது. பன்னிரண்டடிக் கோல், நான்கவுன்சு ஈயம், மணலைப் பற்றும் கம்பிக்கால்கள் ஆகியவற்றிற்கு அங்கேதான் வேலை. அங்கும் தூரமே எல்லாம் என்று எண்ணலாகாது. அலை உடையும் திட்டுக்கும் கரைக்குமிடையே நீர் கருமையாய்த் தோன்றும் பள்ளம் உண்டு. புரளும் மணலிலிருந்து வெளிப்படும் சிற்றுயிர்களைத் தேடி மீன்கள் அப்பள்ளத்திற்கு வரும். பார்க்கத் தெரிந்தவர் முப்பது யாரில் எறிந்து மீன் கொள்வார்; தெரியாதவர் அதனைத் தாண்டி எறிந்து வெறுங்கையோடு திரும்புவார்.

கனத்த ஈயத்தை எறிவோர் தவறவிடக் கூடாத காப்பு ஒன்றுண்டு. எறியும் வேகத்தில் நூல் அறுந்தால் ஈயக்குண்டு துப்பாக்கிச் சன்னம் போற் பாயும். வலை பொத்துவோரும் விளையாடும் சிறுவரும் நிறைந்த கரையில் அது உயிருக்கே கேடு. ஆதலால் மெல்லிய நூலின் நுனியில் தடித்த முன்னூல் ஒன்றை இணைத்தல் வேண்டும். ஓர் அவுன்சு ஈயத்திற்குப் பத்து இறாத்தல் வலிமை என்பது கணக்கு. நான்கவுன்சுக்கு நாற்பது இறாத்தல். அதன் நீளம் கோலைப்போல் இருமடங்காகி, றீலிலும் சில சுற்றுக் கிடக்க வேண்டும். முன்னூலின்றிக் கனத்த ஈயம் எறிபவரை அக்கரையினின்றும் விலக்குதலே முறை.

நூலின் கதை சுவையானது. பருத்தி நூல் நீரில் ஊறி இற்றுப் போகும். நாடோறும் உலர்த்த வேண்டும். 1938 இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் நைலோனை உலகிற்கு அறிவித்தபின் அவ்வேலை படிப்படியாக ஒழிந்தது. இங்கே தங்கூசி எனப்படும் ஒற்றையிழை நூல் அவ்வழி வந்ததே. அது இழுபட்டு நீளும் இயல்புடையது. மீனின் திடீர் இழுப்பைத் தாங்க அந்நீட்சி உதவும். இக்காலத்துப் பின்னல் நூல் அதே வலிமைக்கு மிக மெல்லியது. ஆனால் நீளாது, மணலில் உராய்ந்து தேயும், விரலையும் அறுக்கும். புதிதாய்ப் பழகுவோருக்குத் தங்கூசியே ஏற்றது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்தல் வேண்டும். உலர்ந்த முடிச்சு உராய்வின் சூட்டால் வலியிழக்கும்.

றீலிலே, சில்லு சுழலாமல் நூல் மாத்திரம் விளிம்பிலிருந்து வழுகிச் செல்லும் வகை பழகுவதற்கு எளிது. இங்கிலாந்தில் இல்லிங்வேர்த் என்பவர் 1905 இல் இவ்வகைக்கு உரிமை பெற்றார். சில்லே சுழலும் வகை வலிமையுடையது. எனினும் பழகாத கையில் நூலைக் குருவிக்கூடு ஆக்கிவிடும். எதுவாயினும் உப்பே அதன் பகைவன். வீடு திரும்பியதும் நன்னீரில் மெதுவாகக் கழுவுதல் வேண்டும். உவர்க்கிணற்று நீர் அதற்கு உதவாது.

கோலில் மூங்கில், கண்ணாடி நார், காபன் நார் என வகைகள் உண்டு. காபன் கோல் இலேசானது, விலை மிக்கது, கல்லில் அடிபட்டால் முறிவது. அது மின்சாரத்தையும் கடத்தும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கும்போது வெளியான கரையில் அதனை நிமிர்த்திப் பிடித்தல் ஆகாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவருக்குக் கண்ணாடி நார்க் கோலே போதுமானது.

அறுந்த தங்கூசியைப் பரவையில் எறிந்துவிடுவோர் பலர். அது விரைவில் மக்குவதன்று. நீர்ப்பறவைகளின் கால்களிற் சுற்றிக்கொள்ளும். தங்கூசி வலைக்கு இலங்கையிற் சட்டத்தடை உண்டு. தூண்டில் நூலுக்கு அத்தடை இல்லை. பழைய நூலைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரை கொண்டுபோன பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவருதல் இரண்டு நிமிட வேலை.