மட்டையைக் கைமாற்றிக் கொடுத்த பெண்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் குழுவும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. பி.டி. டீச்சர் வந்தா கபடி, கோகோ பத்திப் பேசுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க. நான் இன்னைக்கு நீங்க யாரும் பார்த்திராத ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப் போறேன். நானும் நேரில் பார்த்ததில்லை. என் மகள் கைபேசியில் போட்டுக் காட்டினாள், அப்புறம் நானே தேடித் தேடிப் படிச்சேன். அதன் பெயர் லக்ராஸ்.

கையில் ஒரு நீளமான மட்டை. அதன் நுனியில் சின்ன வலைப்பை. டென்னிஸ் பந்தளவு கெட்டியான ரப்பர் பந்தை அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். கையால் தொடக்கூடாது. ஓடும்போது பந்து விழாமல் இருக்க மட்டையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? தொட்டில் ஆட்டுவது. நான் வேடிக்கைக்குச் சொல்லலைங்க, அவங்க மொழியில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பெண்கள். எதிரணி வலைக்குள் பந்தை எறிந்தால் ஒரு கோல்.

இந்த ஆட்டம் வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்களுடையது. அவங்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை, கடவுள் கொடுத்த ஆட்டம். ஹோடினோஷோனி என்கிற மக்களின் வழக்கப்படி ஆண்களுடைய மர மட்டையைப் பெண்கள் தொடவே கூடாது. அப்படியிருந்த மட்டை பெண்கள் கைக்கு எப்படி வந்தது? ஸ்காட்லாந்தில் செயின்ட் லெனார்ட்ஸ் என்று ஒரு பெண்கள் பள்ளி. அதன் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் கனடாவுக்குப் போனபோது இந்த ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்ததை ஊருக்கு எழுதினார். 1890ல் அந்தப் பள்ளிப் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். அங்கே கற்றுக்கொண்ட ரோசபெல் சின்க்ளேர் அமெரிக்காவுக்குப் போய் 1926ல் மேரிலாந்து மாநிலம் பால்டிமோரில் ஒரு பெண்கள் பள்ளியில் அணி தொடங்கினார். ஒரு டீச்சர் பார்த்து வந்து சொன்னது, இன்னொரு டீச்சர் கடல் தாண்டி எடுத்துப் போனது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் எவன்ஸ்டன் என்ற ஊரில், பெரிய ஏரிக்கரையில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே 1982ல் பெண்கள் லக்ராஸ் அணி தொடங்கியது. சிண்டி டிம்ச்சல் என்ற பெண்மணி பயிற்சியாளர். 1990 வரை இருந்து அணியை நன்றாக வளர்த்தார். பிறகு மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் போன இரண்டே வருஷத்தில், 1992ல், நார்த்வெஸ்டர்ன் தன் அணியை எடுத்துவிட்டது. பிள்ளைகள் தாங்களாகக் கூடி ஆடினால் ஆடிக்கொள்ளலாம், பல்கலைக்கழக அணி என்று எதுவும் கிடையாது என்று ஆகிவிட்டது.

மேரிலாந்தில் டிம்ச்சல் கொடிகட்டிப் பறந்தார். 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு வருஷம் தேசியக் கோப்பை. அந்த 1995, 1996 அணிகளில் ஆடிய ஒரு பெண்தான் கெல்லி அமான்டி. கல்யாணத்துக்குப் பிறகு கெல்லி அமான்டி ஹில்லர். நார்த்வெஸ்டர்ன் அணியை மறுபடி தொடங்கலாம் என்று 2000ல் முடிவெடுத்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். தன் குருவின் பழைய இடத்துக்கு சிஷ்யை வந்தார். வயசு இருபத்தாறுதான்.

வந்து பார்த்தால் ஆட்கள் இல்லை. அந்த நாட்டில் இந்த ஆட்டம் கிழக்குக் கரைப் பக்கத்து ஆட்டம். மேரிலாந்து, நியூயார்க், பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே மட்டை பிடித்துவிடுவார்கள். தேசியப் போட்டி தொடங்கிய 1982லிருந்து கோப்பை கிழக்குப் பக்கத்தைத் தாண்டிப் போனதே இல்லை. நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை, அணியே இல்லாத ஒரு குளிர் ஊருக்கு எதுக்கு வருவாள்?

கெல்லி என்ன செய்தார் தெரியுமா? வளாகத்துக்குள்ளேயே ஆள் தேடினார். ஒரு நாள் இரட்டைப் பிறவிகளான இரண்டு பெண்கள் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டு போவதைப் பார்த்தார். ஓடுகிற ஓட்டம் பிடித்துப்போச்சு. நிறுத்தி, "லக்ராஸ் ஆட வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் மட்டையைத் தொட்டதில்லை. வந்தார்கள். இந்த ஆட்டத்தில் கைப்பழக்கம் வர ஒரே வழி சுவர்தான். பந்தைச் சுவரில் எறிய வேண்டும், திரும்பி வருவதை வலையில் பிடிக்க வேண்டும், வலது கையில் நூறு, இடது கையில் நூறு. அப்படி அடியிலிருந்து கற்றுக்கொண்ட அந்த இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேரும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார்கள்.

உடனே ஜெயிச்சிட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2002ல் முதல் வருஷம் பதினைந்து ஆட்டத்தில் பத்து தோல்வி. அந்த வருஷம் அவங்களை யார் மதிச்சிருப்பா சொல்லுங்க. ஆனால் 2005ல் ஆடிய 21 ஆட்டத்திலும் வெற்றி. இறுதி ஆட்டத்தில் வர்ஜீனியாவை 13-10 என்று தோற்கடித்து, கிழக்கை விட்டு வெளியே கோப்பையை முதன்முதலாகக் கொண்டு போனது அந்த அணிதான். அதற்குப் பிறகு 2006, 2007, 2008, 2009. ஐந்து வருஷம் தொடர்ச்சியாக. 2009ல் 23 ஆட்டம், 23 வெற்றி, இறுதி ஆட்டம் 21-7.

நடுவில் ஒரு செருப்புக் கதை. 2005ல் ஜெயித்த அணியை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்கள். ஜனாதிபதி புஷ்ஷோடு நின்று போட்டோ எடுத்தார்கள். முன்வரிசையில் நின்ற சில பிள்ளைகள் காலில் ரப்பர் செருப்பு! ஜனாதிபதி வீட்டுக்குச் செருப்போடு போவதா என்று பத்திரிகை, டி.வி. எல்லாம் ஒரே அமர்க்களம். நாடு முழுக்கக் கோப்பையைப் பற்றிப் பேசியதைவிட செருப்பைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். பொம்பளைப் பிள்ளைங்க என்ன சாதிச்சாலும் முதலில் உடுப்பைத்தான் பார்ப்பாங்க போல, எந்த ஊரானாலும். அந்தப் பிள்ளைகள் சண்டைக்கெல்லாம் போகவில்லை. அந்தச் செருப்புகளையே ஏலம் விட்டு, மூளையில் கட்டி வந்து அவர்கள் அணியோடு சிநேகமாகியிருந்த ஒரு சிறுமிக்காகப் பணம் திரட்டினார்கள். இதைப் படிச்சப்போ எனக்கு அந்த அணியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

2010 இறுதி ஆட்டத்தில் அவர்களைத் தடுத்தது யார் என்றால், மேரிலாந்து. 13-11. அப்போது மேரிலாந்துக்குப் பயிற்சியாளர் கேத்தி ரீஸ். அவரும் டிம்ச்சலிடம் கற்றவர்தான், கெல்லியோடு ஒரே அணியில் ஆடியவர். அடுத்த வருஷம் அதே இரண்டு பேர் மறுபடியும் இறுதி ஆட்டத்தில். இந்தத் தடவை கெல்லி அணி 8-7. ஒரு குருவின் இரண்டு சிஷ்யைகள் நாட்டின் கோப்பைக்கு மாறி மாறி நிற்கிறார்கள். அந்தக் குரு எங்கே? அவர் மேரிலாந்தை விட்டுவிட்டு 2006க்குப் பிறகு கடற்படைக் கல்லூரியில் புதிதாக ஒரு பெண்கள் அணியை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். 2017ல் அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகக் கொண்டுவந்தார்.

2012ல் ஏழாவது கோப்பை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கெல்லிக்குக் கோப்பை இல்லை. இந்தப் பதினோரு வருஷத்தைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஜெயிச்சவங்க கதையில் எல்லாரும் இதைத் தாண்டிப் போயிடுவாங்க. 2022ல் அரையிறுதியில் பெரிய முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசிக் கால்பகுதியில் எல்லாவற்றையும் விட்டு 15-14 என்று தோற்றார்கள். அந்த வருஷம் அவர்களின் முக்கிய ஆட்டக்காரி இஸ்ஸி ஸ்கேன் முழங்கால் காயத்தால் ஆடவே முடியவில்லை. அடுத்த வருஷம் அவள் திரும்பி வந்தாள். முதல் ஆட்டமே தோல்வி. அதற்குப் பிறகு தொடர்ந்து 21 வெற்றி. இறுதி ஆட்டத்தில் பாஸ்டன் கல்லூரியை 18-6 என்று தோற்கடித்து எட்டாவது கோப்பை. ஸ்கேனும் கிழக்குப் பிள்ளை இல்லை, மிச்சிகன்காரி. முதல் நிலைக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் யாரும் போடாத அளவு கோல் போட்டவள் என்ற பெயரை 2024ல் எடுத்தாள். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள், 14-13. அதுவும் உண்டு.

கெல்லியிடம் ஆடியவர்களில் ஹன்னா நீல்சன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண். இப்போது மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர். ஷானன் ஸ்மித் ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஆனார். லம்ஸ்டன் கடிதத்தில் எழுதியது, சின்க்ளேர் கொண்டு போனது, டிம்ச்சல், கெல்லி, இந்தப் பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருக்கு.

ஆனால் எல்லா விளையாட்டிலும் இப்படி இல்லை. 1972ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று. அதனால் லட்சக்கணக்கான பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பெண்கள். இன்றைக்குப் பாதிக்கும் குறைவு. முன்னால் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, இல்லையென்றால் சொற்பம். சம்பளம், அந்தஸ்து எல்லாம் வந்த பிறகு ஆண்கள் வந்து உட்கார்ந்துட்டாங்க. லக்ராஸில் மட்டும் இன்னமும் பெரும்பாலும் பெண்களே பயிற்சியாளர்கள். ஆடி முடித்த பெண்ணை விடாமல் பிடித்து, பக்கத்தில் நிற்க வைத்து, பயிற்சி கொடுக்கும் வேலையையும் சொல்லிக் கொடுத்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போ என் கதையைச் சொல்லணும், இல்லைன்னா இவ்வளவும் சொன்னது நியாயமில்லை. நான் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியை. என் கோகோ அணி எத்தனையோ முறை மாவட்டத்தில் ஜெயிச்சது. உங்களில் சில பேர் என்னிடம் ஆடினவங்கதான், எனக்கு முகம் தெரியுது. ஆனால் விசில் எப்பவும் என் கழுத்தில்தான். பந்து ரூம் சாவி என் கைப்பையில்தான். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், இன்னைக்கு சின்னப் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "நீ ஆடுற வேலையைப் பாரு"ன்னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொல்லியிருக்கேன். நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஆள் போடவில்லை. இப்போ அந்த மைதானத்தில் பாதி கருவேல முள். அரசாங்கத்தைக் குறை சொல்லிக்கிட்டே ஒரு வருஷம் ஓட்டினேன். சாவியை நான் யாருக்கும் கொடுக்காதது அப்புறம்தான் மெதுவா உறைச்சது.

நம்ம குழுக்களில் பொறுப்பு மாத்தணும்னு விதி இருக்கு, தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் வைக்கிறோம். தலைவி பெயர் மாறுது. ஆனா பேங்குக்கு யார் போறது, நோட்டு யார் வீட்டில் இருக்கு, வட்டிக் கணக்கு யாருக்குப் போடத் தெரியும்? முன்வரிசையில் இருக்கிற மூத்தவங்க என்மேல் கோவிச்சுக்காதீங்க. உங்களைப் போலத்தான் நானும் இருந்தேன்.

ஒரு சேதி. 2023 அக்டோபரில் மும்பையில் ஒலிம்பிக் குழு கூடியது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு லக்ராஸையும் சேர்ப்பதாக அங்கேதான் முடிவு செய்தார்கள். பெண்கள் அணிகளும் ஆடும். அந்தச் சமயம் டி.வி.யில் பாருங்க, தொட்டில் ஆட்டுறதைக் கவனிச்சுப் பாருங்க.

அப்புறம், முள் வெட்ட பஞ்சாயத்தில் கேட்டிருக்கேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போறேன். அன்னைக்கு "சொல்லிக் கொடுக்கட்டுமா"ன்னு கேட்ட பிள்ளை இப்போ நம்ம குழு ஒன்றில் உறுப்பினர், ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கு. போன வாரம் அதன் வீட்டுக்குப் போய் விசிலைக் கொடுத்துட்டு வந்தேன். அதுதான் சொல்லிக் கொடுக்கப் போகுது. நான் கோடு போட சுண்ணாம்பு கொண்டு வர்றேன். பிள்ளைகளை அனுப்பி வைங்க.