வாய் திறக்கும்வரை காத்திருப்போம்

(நூற்றாண்டு விழாவில், ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் பணியில் ஈடுபட்ட பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பேச நடுங்கி நின்றவர்கள் நாங்கள். பின்னர் ஆங்கிலம் கற்பிப்போரைப் பயிற்றுவிக்கும் பணியே எமக்கு வாய்த்தது. அந்த அனுபவத்தில் சிலவற்றைப் பகிர விரும்புகின்றோம்.

ஆங்கிலத்தை நம் நாட்டில் இரண்டாம் மொழி என்கின்றோம். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் அது ஒலிக்காத கிராமத்துப் பிள்ளைக்கு அது அந்நிய மொழிதான். அப்பிள்ளை ஆங்கிலம் பேசிக் கேட்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கும் ஆசிரியர் தமிழில் விளக்கி, விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், பிள்ளை எங்கே பேசிப் பழகுவது?

தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டுகள். இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. கல்லூரியில் நுண்கற்பித்தல் என்றொரு முறை உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. சில நிமிடப் பாடத்தைச் சிறு குழுவுக்குக் கற்பித்து, குறைகளைக் கேட்டு, திருத்தி மீண்டும் கற்பிப்பது. இதில் நாங்கள் அடிக்கடி கண்ட குறை ஒன்று: வினாவைக் கேட்டவுடன் ஆசிரிய மாணவி தானே விடையையும் சொல்லிவிடுவார். மௌனம் அவருக்குப் பயமாக இருக்கும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினாவின் பின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, விடையளிப்போரும் கூடினர். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் சொல் தேடும் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இன்னும் தேவை.

ஆசிரியர் பிள்ளையின் தாய்மொழியையும் அறிந்திருக்க வேண்டும். 'பின்' என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத் தொட்டியா? ஆங்கிலத்தில் அவை இரு வேறு ஒலிகள். நமக்கோ ஒரே எழுத்து. ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பிள்ளை இதனாலேயே தடுமாறுகிறது. அது சோம்பேறித்தனம் அல்ல என்று அறிந்த ஆசிரியர் ஏசமாட்டார். இரண்டு ஒலிகளையும் மாறிமாறிக் கேட்கச் செய்வார்.

இங்கே எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் ஒவ்வொரு தவறையும் அந்தக் கணமே திருத்தினோம். அதைக் கடமை என்றே நம்பினோம். முதல் தவணையில் கையுயர்த்திய பிள்ளைகள் மூன்றாம் தவணையில் தலைகுனிந்து இருந்தார்கள். இலக்கணம் சரியாயிற்று, குரல் போயிற்று. பேசி முடிக்கவிட்டுப் பின் திருத்தலாம் என்று கற்க எமக்குச் சில ஆண்டுகள் சென்றன. அந்த ஆண்டுகளில் எம்மிடம் படித்த பிள்ளைகளை இன்றும் நினைக்கின்றோம்.

இன்னொன்றும் உண்டு. கட்டுறுப் பயிற்சிக்குச் செல்லும் இளம் ஆசிரியையிடம், "கல்லூரியில் படித்ததை மறந்துவிட்டுப் பாடத்திட்டத்தை முடியுங்கோ, பிள்ளை" என்று சொல்வோர் இருக்கின்றார்கள். சோதனை எழுத்தில் என்பதால் பேச்சு பின்தள்ளப்படுகிறது. அவருக்குத் துணை நிற்கும் ஒரு மூத்தவர் இல்லாவிட்டால், மூன்று ஆண்டுப் பயிற்சியும் ஒரு தவணையில் கரைந்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் கணினிக்கும் அள்ளித் தந்தீர்கள், நன்றி. இனி உங்கள் நேரத்திலும் சிறிது தாருங்கள். ஊரில் இருப்போர் மாதம் ஒருநாள் வந்து பிள்ளைகளோடு உரையாடுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்போர் இணையவழி பேசலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இளம் ஆசிரியையின் வகுப்பில் பின்வாங்கில் அமர்ந்து, பின்னர் தனியே, கனிவாக, கண்டதைச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை சொல் தேடி நிற்கும்போது, தயவுசெய்து மூன்று விநாடி காத்திருங்கள். ஒருகாலம் எங்களுக்காகவும் இந்த மண்டபத்தில் ஒருவர் அப்படிக் காத்திருந்தார்.